ஃபேரர் பார்க் திடலும் இரட்டை இயந்திரப் போர் விமானங்களும் (1919–1945)

ஃபேரர் பார்க் என்றவுடன் சிங்கப்பூர்த் தமிழர்க்கு நினைவில் எழுவன சிராங்கூன் சாலையும், சீனிவாசப் பெருமாள் கோயிலும், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஆகும். வரலாற்றில் ஈடுபாடுடையோர்க்கு 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாளும் நினைவுக்கு வரும். பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இத்திடலில் திரட்டப்பெற்று, ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்ட நாள் அது. கேப்டன் மோகன் சிங் அங்கு உரையாற்றினார். இந்தியத் தேசிய இராணுவத்தின் வரலாறு இத்திடலையும் தொட்டுச் செல்கிறது.

அதே திடலுக்கு அதனினும் முந்திய ஒரு நாளும் உண்டு. 1919ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் பறந்துகொண்டிருந்த விக்கர்ஸ் விமி என்னும் விமானம் இங்குத் தரையிறங்கியது. அது இரண்டு இயந்திரங்களைக் கொண்ட குண்டுவீச்சு விமானம். இவ்விரு நாள்களுக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. அக்காலத்தில் இரட்டை இயந்திர விமானம் அடைந்த மாற்றத்தை அறிந்தால், சிங்கப்பூரின் வீழ்ச்சிக்கான காரணங்களுள் ஒன்று விளங்கும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குதிரைப் பந்தயத் திடலில் விமானம்

ஃபேரர் பார்க் முதலில் குதிரைப் பந்தயத் திடலாகவே விளங்கியது. 1840களில் தொடங்கிய பந்தயங்கள் 1933இல் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயரும்வரை இங்கேயே நடைபெற்றன. விமான நிலையம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், மரங்களற்ற அகன்ற சமநிலம் நகருக்குள் வேறெங்கும் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே 1911ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெல்ஜியரான ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தை ஓட்டிக் காட்டியதும் இத்திடலிலேதான்.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த விமி மிகப் பெரியது. அதன் சிறகின் நீளம் ஏறத்தாழ 21 மீட்டர். தலா 360 குதிரைத்திறன் கொண்ட இரு ரோல்ஸ் ராய்ஸ் இயந்திரங்கள் அதனை இயக்கின. ராஸ் சுமித், அவர்தம் உடன்பிறந்தார் கீத் சுமித், இயந்திர வினைஞர்களான பென்னட், ஷியர்ஸ் ஆகிய நால்வரும் அதில் பயணம் செய்தனர். அவர்கள் சிங்கப்பூருக்கு வந்தது தாய்லாந்தின் சிங்கோராவிலிருந்து. இன்று சொங்க்லா எனப்படும் அவ்வூர் இக்கட்டுரையில் மீண்டும் வரும். பந்தயத் திடல் அவர்களது விமானத்திற்குச் சிறியதாக இருந்தது. எனவே இறங்கும் வேளையில் பென்னட் தம் இருக்கையை விட்டு வெளியேறி, விமானத்தின் முதுகின்மீது நகர்ந்து வால்பகுதிக்குச் சென்றார். அவருடைய எடையால் வால் விரைவில் தரையைத் தொட்டு, விமானம் குறுகிய தொலைவிலேயே நின்றது.

நவம்பர் 12ஆம் நாள் இங்கிலாந்தை நீங்கிய விமி, டிசம்பர் 10ஆம் நாள் டார்வினை அடைந்தது. சுமார் 18,000 கிலோமீட்டர்ப் பயணம் அது. உலகமே அதனைச் சாதனையாகப் போற்றியது. ஆயினும் அச்சாதனையில் மற்றொரு செய்தியும் பொதிந்திருந்தது. குண்டு வீசுவதற்கென வடிவமைக்கப்பட்ட விமானமொன்று கண்டங்களைக் கடந்து சிங்கப்பூர் நகரின் நடுவே வந்திறங்க இயலும் என்பதே அது.

இரண்டு இயந்திரங்கள் எதற்காக?

இயந்திரம் ஒன்றாக இருப்பின் அது விமானத்தின் மூக்கில் அமைவதே வழக்கம். அதனால் முன்பக்கப் பார்வை மறைகிறது. குண்டைக் குறிபார்ப்பவருக்கு இடமில்லாமற்போகிறது. இயந்திரங்களை இரு சிறகுகளிலும் பொருத்தினால் மூக்கு விடுதலை பெறுகிறது. குறிபார்ப்பவரும் துப்பாக்கி வீரரும் அங்கு அமரலாம். உடலின் நடுப்பகுதியில் குண்டுகளை வைக்கலாம். மொத்த ஆற்றல் இரு மடங்காவதால் சுமையும் எரிபொருளும் கூடுதலாக ஏற்றலாம்.

இரண்டிருந்தால் ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று காப்பாற்றும் என்பது பலரது எண்ணம். இது பாதி உண்மையே. இயந்திரங்கள் இரண்டாகும்போது அவற்றுள் ஒன்று பழுதடையும் வாய்ப்பும் ஏறத்தாழ இரு மடங்காகிறது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றுவிட்டால் வண்டியின் வேகம் குறைவதோடு, வண்டி ஒரு பக்கமாகத் திரும்பவும் முற்படும். விமானத்திலும் அவ்வாறே. வாலிலுள்ள திசைச் சுக்கான் அத்திருப்பத்தை எதிர்க்க வேண்டும். எதிர்ப்பதற்குப் போதுமான வேகம் விமானத்திற்கு வேண்டும். உயரத்தில் விரைந்து செல்லும்போது இது இயலும். சுமையேற்றித் தரையினின்று எழும் வேளையில் வேகமும் இல்லை, உயரமும் இல்லை. அப்போது ஓர் இயந்திரத்தை இழப்பது பெரும்பாலும் அழிவிலேயே முடிந்தது.

1930களின் மாற்றம்

விமியின் உடல் மரச்சட்டமும் துணியும் கொண்டது, சிறகுகள் இரண்டடுக்கு, சக்கரங்கள் எப்போதும் வெளியே தொங்கின. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகமே அதன் உச்சம். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உலோகத் தோலே சுமை தாங்கும் உடலமைப்பும், ஒற்றைச் சிறகும், உள்ளே மடங்கும் சக்கரங்களும், வேகத்திற்கேற்பக் கோணம் மாறும் சுழல்விசிறிகளும் வந்தன. இவை அனைத்தும் ஒருங்கு சேர்ந்தபோது விமானத்தின் இயல்பே மாறியது.

1935ஆம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தில் பறந்த பிரிஸ்டல் 142 இதற்குத் தக்க சான்று. இதழ் உரிமையாளரான ரோதர்மியர் பிரபு தம் பயன்பாட்டிற்கெனச் செய்வித்த பயணிகள் விமானம் அது. சோதனையில் அது மணிக்கு 490 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அன்றைய பிரிட்டிஷ் விமானப்படையின் போர் விமானம் எதுவும் அவ்வேகத்தில் செல்லவில்லை. அதனை அடிப்படையாகக் கொண்டு பிளெனிம் என்னும் குண்டுவீச்சு விமானம் உருவாயிற்று. குண்டுகளையும் துப்பாக்கிகளையும் கருவிகளையும் ஏற்றியவுடன் வேகம் குறைந்தது. சில ஆண்டுகளுக்குள் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் போன்ற போர் விமானங்கள் அதனை எளிதில் முந்தின. வேகத்தையே காப்பாகக் கருதி வடிவமைத்த விமானம், அக்காப்பை இழந்த நிலையில் போருக்குள் நுழைந்தது.

அதே 1935ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பானில் மிட்சுபிஷி ஜி3எம் முதன்முறை பறந்தது. ஜப்பானியக் கடற்படை அதற்கு ‘96 வகை’ எனப் பெயரிட்டது. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2596 என்பது 1936ஐக் குறிக்கும். ஜப்பானியர் தேடியது வேகத்தை அன்று, தொலைவை. பசிபிக் பெருங்கடல் போன்ற பரப்பில், தரையிலிருந்து புறப்பட்டுக் கடலின் நடுவே செல்லும் கப்பலைத் தாக்கி மீளும் விமானமே அவர்களுக்கு வேண்டியதாயிற்று. இக்கருத்தை வலியுறுத்தியவர்களுள் தலையாயவர் கடற்படைத் தளபதி யாமமோட்டோ இசொரோகு.

மூன்று வடிவங்கள், மூன்று முடிவுகள்

1941 இறுதியில் மலாயாவின் வானில் எதிர்ப்பட்ட விமானங்களுள் மூன்றை ஒப்பிடுவோம்.

பிளெனிமின் சிறகு 17 மீட்டர். முழுச் சுமையுடன் அதன் எடை ஏறத்தாழ ஆறரை டன். குழுவினர் மூவர், குண்டுச் சுமை ஏறத்தாழ 450 கிலோகிராம். அதன் நான்காம் வகை 2,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் பறக்க வல்லது.

ஜி3எம் விமானத்தின் சிறகு 25 மீட்டர். முழு எடை எட்டு டன். குழுவினர் எழுவர், 800 கிலோகிராம் எடையுள்ள டார்பிடோவையோ குண்டுகளையோ சுமந்தது. அதன் உச்ச வீச்செல்லை ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர்; பிளெனிமின் எல்லையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் அதன் உச்ச வேகம் மணிக்கு 370 கிலோமீட்டர் அளவே. இதில் பிளெனிமே முந்தியது.

மூன்றாவது, அமெரிக்காவில் கட்டப்பெற்ற லாக்ஹீட் ஹட்சன். இது லாக்ஹீட் 14 என்னும் பயணிகள் விமானத்தின் மறுவடிவம். 1938இல் பிரிட்டன் இருநூறு விமானங்களுக்கு ஆணை வழங்கியது. வீச்செல்லை ஏறத்தாழ 3,100 கிலோமீட்டர். கடல் வேவுக்கு ஏற்றது. தாக்குதலுக்குரிய சுமை குறைவு. ஆஸ்திரேலிய விமானப்படையின் ஹட்சன்கள் கோத்தா பாருவிலும் குவாந்தானிலும் நிறுத்தப்பட்டிருந்தன.

ஒத்த காலத்து இரட்டை இயந்திர விமானங்களிடையே வீச்செல்லையில் இத்தனை வேறுபாடு ஏன்? முதலாவது, சிறகின் நீளம். நீண்டு குறுகிய சிறகு குறைந்த ஆற்றலில் விமானத்தைத் தாங்கும்; கடலின்மேல் மணிக்கணக்கில் மிதக்கும் பறவைகளின் சிறகு நீண்டிருப்பதும் இக்காரணத்தாலேயே. இரண்டாவது, மொத்த எடையில் எரிபொருளுக்கு ஒதுக்கும் பங்கு. கவசத் தகடு ஒவ்வொன்றும் அதே எடையுள்ள பெட்ரோலை வெளியேற்றும். ஜப்பானிய வடிவமைப்பில் கவசம் இல்லை. தொட்டிகளுக்குக் காப்பும் இல்லை. அவ்விடத்தை எரிபொருள் நிரப்பியது. அதாவது, 4,400 என்னும் எண்ணின் ஒரு பகுதி அந்த ஏழு பேருடைய பாதுகாப்பிலிருந்து கழித்தெடுக்கப்பட்டது.

தொலைவு காக்கவில்லை

1941 டிசம்பர் 6ஆம் நாள் தென்சீனக் கடலில் ஜப்பானியக் கப்பல் வரிசையை முதலில் கண்டது ஹட்சன் விமானமே. டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் கோத்தா பாருவில் தரையிறங்கிய படையையும் ஹட்சன்களே தாக்கின. பேர்ள் ஹார்பர் தாக்கப்படுவதற்கும் முன்னரே அங்குச் சண்டை தொடங்கிவிட்டது.

அதே அதிகாலை நான்கு மணியளவில் சிங்கப்பூர்மீது குண்டுகள் விழுந்தன. சைகோனுக்கு அருகிலிருந்து புறப்பட்ட ஜி3எம் விமானங்களுள் 17 சிங்கப்பூரை அடைந்தன. ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். தெங்கா, சிலேத்தார் தளங்களும் ராஃபிள்ஸ் பிளேஸும் தாக்கப்பட்டன. 61 பேர் மாண்டனர். நகரின் விளக்குகள் அணைக்கப்படாமலேயே இருந்தன. பகைவர் வெகு தொலைவில் உள்ளனர் என்ற எண்ணம் அந்த விளக்குகளைப் போலவே அணையாதிருந்தது.

டிசம்பர் 9ஆம் நாள் பட்டர்வொர்த் தளத்தில் பிளெனிம்கள் புறப்படவிருந்த வேளையில் ஜப்பானியத் தாக்குதல் நிகழ்ந்தது. ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் செலுத்திய ஒரே பிளெனிம் மட்டும் மேலெழுந்தது. அவர் தனியாகவே சிங்கோரா சென்று குண்டு வீசினார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் விமி இளைப்பாறிய அதே ஊர் அப்போது ஜப்பானியர் தளமாகியிருந்தது. கடுங்காயமுற்ற நிலையிலும் அவர் அலோர் ஸ்டாரில் விமானத்தை இறக்கித் தம் தோழர் இருவரையும் காத்தார். தாம் உயிர் நீத்தார். 1946இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது அளிக்கப்பட்டது.

மறுநாள், டிசம்பர் 10இல், சிங்கப்பூரிலிருந்து சென்றிருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டன. தாக்கியவை ஜி3எம் விமானங்களும், அதன் அடுத்த தலைமுறையான ஜி4எம் விமானங்களும். அவற்றின் தளங்கள் 800 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தன. அத்தொலைவிலிருந்து டார்பிடோ தாக்குதல் வரக்கூடும் என்று கப்பற்படை கருதவில்லை. எண்ணூற்று நாற்பது பேர் மாண்டனர். ஜப்பானியர் இழந்தவை மூன்று விமானங்களே. கடலில் இயங்கிக்கொண்டிருந்த பெரும் போர்க்கப்பல்கள் விமானங்களால் மட்டுமே அழிந்தது அதுவே முதன்முறை.

இங்கு ஓர் உண்மையைக் கருதவேண்டும். பிளெனிம் தாழ்ந்த விமானமாக இருந்ததால் மட்டும் மலாயா வீழவில்லை. பாதுகாப்புக்கு 336 விமானங்கள் வேண்டுமெனத் திட்டமிட்டிருந்தனர். போர் தொடங்கிய நாளில் பயன்பாட்டில் இருந்தவை 158. எனினும், ஐரோப்பாவின் குறுகிய தொலைவுகளுக்கென வடிவமைத்ததைக் கடல்வெளியில் நிறுத்தியதும், கடல்வெளிக்கென வடிவமைத்த ஒன்றைக் குறைத்து மதிப்பிட்டதும் ஒரே பிழையின் இரு பக்கங்களாகும். அப்பிழையின் விளைவே பின்னர் ஃபேரர் பார்க் திடலில் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தது.

இரப்பரும் நெருப்பும்

ஜி4எம் விமானத்தை வடிவமைத்தவர் ஹொன்ஜோ கிரோ. கடற்படை கேட்ட வீச்செல்லையையும் பாதுகாப்பையும் ஒருங்கே தருவதற்கு நான்கு இயந்திரங்கள் வேண்டுமென அவர் முன்மொழிந்தார். கடற்படை மறுத்தது, இரண்டே போதும் என்றது. அதன்படி அவர் சிறகையே எரிபொருள் தொட்டியாக்கினார். வீச்செல்லை கிடைத்தது. ஆனால் சில குண்டுகள் பட்டாலே சிறகு தீப்பற்றியது. எதிரணி வீரர்கள் அதற்குப் ‘பறக்கும் சிகரெட் லைட்டர்’ என்று பெயரிட்டனர். 1942 ஆகஸ்ட் 8ஆம் நாள் குவாடல்கனால் அருகே கப்பல்களைத் தாக்கிய 23 ஜி4எம் விமானங்களுள் 18 வீழ்ந்தன.

தொட்டியைக் காக்கும் முறை அப்போதே அறியப்பட்டிருந்தது. தொட்டியைச் சுற்றிப் பதப்படுத்தாத இரப்பர் அடுக்கு ஒன்றை வைப்பார்கள். குண்டு துளைத்து பெட்ரோல் கசிந்தவுடன் அவ்விரப்பர் பெட்ரோலை உறிஞ்சி உப்பித் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். அந்த இரப்பருக்கு உலகின் முதன்மையான விளைநிலங்களுள் ஒன்று மலாயா. அதன் தோட்டங்களில் பால் வெட்டிய தொழிலாளருள் பெரும்பகுதியினர் தமிழர். ஜப்பான் மலாயாவை நாடியதற்கு இரப்பரும் ஈயமும் காரணங்களாக இருந்தன. இரப்பர் விளையும் நாட்டைக் கைப்பற்றிய விமானத்தில் அந்த இரப்பர் அடுக்கு இல்லை என்பது வரலாற்றின் முரண். பிற்கால ஜி4எம் வகைகளில் காப்பு சேர்க்கப்பட்டபோது எரிபொருள் கொள்ளளவும் வீச்செல்லையும் குறைந்தன.

1943 ஏப்ரல் 18ஆம் நாள் தளபதி யாமமோட்டோ ஜி4எம் விமானமொன்றில் பயணம் செய்தார். புகான்வில் தீவின்மீது அமெரிக்காவின் பி-38 விமானங்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. பி-38ம் இரட்டை இயந்திர விமானமே. ஆனால் தனியொருவர் செலுத்தும் நெடுந்தொலைவுப் போர் விமானம். தொலைவையே வலிமையாகக் கருதிய தளபதி, அதே கருத்தை மேலும் விரைவுடன் செயற்படுத்திய வடிவமொன்றினால் மாண்டார்.

எழும் வேளையின் இடர்

ஓர் இயந்திரத்தை இழப்பதன் இடரை முன்னர்க் குறிப்பிட்டோம். அதற்குத் தமிழர் நன்கறிந்த நிகழ்வொன்று சான்றாகும். 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்தியத் தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாக அதில் சேர்ந்தனர். 1945 ஆகஸ்ட் 16ஆம் நாள் போஸ் சிங்கப்பூரை நீங்கினார். ஆகஸ்ட் 18ஆம் நாள் தைப்பேயில் அவர் ஏறிய விமானம் மிட்சுபிஷி கி-21. ஜப்பானியத் தரைப்படையின் இரட்டை இயந்திரக் குண்டுவீச்சு விமானம். அளவுக்கு மீறிய சுமையுடன் எழுந்த சிறிது நேரத்தில் இடப்பக்க இயந்திரப் பகுதி கழன்று விழ, விமானம் தரையில் மோதித் தீப்பற்றியது எனத் தப்பிப் பிழைத்தோர் கூறினர். 1956இல் ஷா நவாஸ் குழுவும், பின்னர் கோஸ்லா ஆணையமும் இதனை ஏற்றன. முகர்ஜி ஆணையம் ஏற்கவில்லை. அதன் முடிவை இந்திய அரசு ஏற்கவில்லை. சாட்சிகள் விவரித்த நிகழ்வு, பொறியியல் நோக்கில் அவ்வகை விமானத்தின் மிக ஆபத்தான கணத்தோடு பொருந்துகிறது.

மரத்தாலான மறுமொழி

வேகமா, தொலைவா, காப்பா என்னும் கேள்விக்கு இங்கிலாந்து பின்னர் ஒரு புதிய மறுமொழி தந்தது. 1940 நவம்பரில் முதலில் பறந்த மாஸ்கிட்டோ, ஒட்டுப்பலகையாலும் மெல்லிய மரத்தாலும் ஆனது. குழுவினர் இருவரே. அதன் குண்டுவீச்சு வகையில் தற்காப்புத் துப்பாக்கியே இல்லை. துப்பாக்கிகளும் அவற்றை இயக்குவோரும் இல்லாததால் எடை குறைந்தது. எடை குறைந்ததால் பகைவர் எளிதில் எட்டாத வேகம் கிடைத்தது. பிளெனிமின் தொடக்க எண்ணமே இங்கு உண்மையில் நிறைவேறியது.

ஆயினும் இடமும் காலநிலையும் எந்த வடிவத்தையும் விட்டுவைப்பதில்லை. இந்தியாவின் வெப்பமும் ஈரமும் மாஸ்கிட்டோவின் மர இணைப்புகளைத் தாக்கியதால், 1944 இறுதியில் அங்கு அவற்றின் பறத்தல் நிறுத்திவைக்கப்பட்டுச் சோதனைகள் நடைபெற்றன. திருத்தங்களுக்குப் பின் அவை தொடர்ந்து பணியாற்றின. பிரிட்டிஷ் விமானப்படையின் மாஸ்கிட்டோ மேற்கொண்ட இறுதிச் செயற்பாட்டுப் பறத்தல் 1955 டிசம்பரில் நிகழ்ந்தது. அது புறப்பட்ட தளம் நம் சிலேத்தார்.

நிறைவாக

விமானங்களை ஒப்பிடும் பட்டியல்களில் வேகம், உயரம், தொலைவு, சுமை என எண்கள் நிரல்பட நிற்கும். எது சிறந்தது என்று கேட்பது எளிது. அவ்வெண்களை எந்த நிலத்திற்காக, எதனை இழந்து பெற்றனர் என்று கேட்பதே பயனுடையது. பிளெனிம் வேகத்தைப் பெற்றுத் தொலைவை இழந்தது. ஜி4எம் தொலைவைப் பெற்றுத் தன் வீரர்களின் காப்பை இழந்தது. இம்முடிவுகளை எடுத்தோர் வரைபலகையின் முன் இருந்தனர். விலை கொடுத்தோர் விமானத்திலும், கப்பலிலும், ராஃபிள்ஸ் பிளேஸின் நடைபாதையிலும் இருந்தனர்.

தமிழில் ‘விமானம்’ என்னும் சொல் கோயிற் கருவறையின் மேல் எழும் கட்டடத்தையும் குறிக்கும், வானில் செல்லும் ஊர்தியையும் குறிக்கும். ஃபேரர் பார்க்கில் இரு பொருளுக்கும் சான்று உண்டு. கோயில் விமானத்தை நாம் அண்ணாந்து காண்கிறோம். இத்திடலில் இறங்கிய மற்றொரு விமானத்திற்கு அடையாளமாக எஞ்சியிருப்பது ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயரே. அப்பெயரைக் கடந்து செல்லும் இளையோர்க்கு இவ்வரலாற்றைத் தமிழிலேயே எடுத்துரைக்க இயலும். அதற்குரிய சொற்கள் நம்மிடம் உள்ளன.